பல் மருத்துவம் படிக்க எங்கே போவது? நம் கோபத்தை விலை பேசுகிறார்கள்!

எஸ்.டி.பி.எம். முடிவும் மெட்ரிகுலேஷன் முடிவும் வந்து, யு.பி.யு. பதிலும் கைக்குக் கிடைத்த பிறகு, ஆண்டுதோறும் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான். 4.00 எடுத்த பிள்ளை பல் மருத்துவம் கேட்டது; கிடைத்ததோ கேட்காத ஏதோ ஒரு துறை. அடுத்த சில நாள்களில் நாளிதழில் பிள்ளையின் படம் வரும். அரசியல்வாதிகள் அறிக்கை விடுவார்கள். மேல்முறையீட்டில் இரண்டொரு இடம் 'வாங்கித் தரப்படும்'. அதற்கும் ஒரு படம் வரும். பிறகு எல்லாரும் மறந்துவிடுவார்கள், இடம் கிடைக்காத குடும்பத்தைத் தவிர!

இந்த அநீதியைப் பற்றி நாம் நிறையவே பேசியிருக்கிறோம். இன்னும் பேசத்தான் போகிறோம். ஆனால், கதவு மூடப்பட்ட அதே வாரத்தில் வேறொரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பவர்களைப் பற்றி நாம் போதுமான அளவு பேசியதில்லை. "அரசாங்கம் கொடுக்காவிட்டால் என்ன? நாங்கள் இருக்கிறோம்!" என்று சொல்லிக்கொண்டு வரும் கல்வி முகவர்களைத்தான் சொல்கிறேன். அவர்கள் விற்பது பட்டப்படிப்பை மட்டுமல்ல. நம் கோபத்தையும் சேர்த்தே விற்கிறார்கள். அநீதி இழைக்கப்பட்டது உண்மை என்பதாலேயே, அடுத்துக் கண்ணில் படும் கல்லூரி நல்ல கல்லூரி ஆகிவிடாது. இந்த ஒன்றை நம் பெற்றோர்கள் மனத்தில் நிறுத்திக்கொண்டால் பல குடும்பங்கள் கடனில் மூழ்காமல் தப்பிக்கும்.

மூடிய கதவின் அளவு என்ன?

முதலில் நிலைமையைத் தெளிவாகப் பார்ப்போம். ஒரு காலத்தில் மலாயாவுக்கே பல் மருத்துவர்களை உருவாக்கியது சிங்கப்பூர்தான். 1929இல் அங்கே ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு தொடங்கியது. நம் நாட்டில் மலாயாப் பல்கலைக்கழகம் பல் மருத்துவ மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியது 1972இல்தான். அடுத்த கால் நூற்றாண்டுக்கு அது ஒன்றே ஒன்றுதான். மலேசிய தேசியப் பல்கலைக்கழகமும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும் 1990களின் பிற்பகுதியில் சேர்ந்துகொண்டன. அதன்பின் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம், மலேசிய இஸ்லாமிய அறிவியல் பல்கலைக்கழகம் ஆகியவையும் பல் மருத்துவத்தைத் தொடங்கின.

எண்ணிப் பார்த்தால் ஆறு. ஆனால் நம் பிள்ளைகளுக்கு இந்த ஆறும் ஆறு அல்ல. மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பூமிபுத்ராக்களுக்கு மட்டுமே. இஸ்லாமியக் கல்வியை அடித்தளமாகக் கொண்ட மற்ற இரண்டிலும் நம் பிள்ளைகளைக் காண்பது அரிது. ஆக மிஞ்சுவது மூன்று! அந்த மூன்றிலும் பல் மருத்துவத்திற்கு ஆண்டுக்குச் சில பத்து மாணவர்களே எடுக்கப்படுகிறார்கள். அந்தச் சில பத்து இடங்களுக்காக நாடு முழுவதும் உள்ள 4.00 மாணவர்கள் அனைவரும் போட்டி போடுகிறார்கள்.

அந்தப் போட்டி எப்படி நடக்கிறது? ஓராண்டு மெட்ரிகுலேஷனில் 4.00 எடுத்தவரும், மூன்று பருவம் ஆறாம் படிவத்தில் உழைத்து எஸ்.டி.பி.எம்.இல் 4.00 எடுத்தவரும் ஒரே தராசில் நிறுக்கப்படுகிறார்கள். மெட்ரிகுலேஷனில் 90 விழுக்காடு பூமிபுத்ரா, 10 விழுக்காடு மற்றவர் என்ற ஏற்பாடு 2002இல் வந்தது. 2019இல் இடங்களை 25,000இலிருந்து 40,000ஆக உயர்த்தியபோதும் அந்த விகிதம் மாறவில்லை. 2024இல்தான், எஸ்.பி.எம்.இல் 10 ஏ-யும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு இனபேதமின்றி மெட்ரிகுலேஷன் இடம் என்று பிரதமர் அறிவித்தார். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் 8 ஏ, 9 ஏ எடுக்கும் தோட்டப்புறத்துப் பிள்ளைக்கும், பத்துப் பாடம் எடுக்கவே வசதியில்லாத பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும் இதில் என்ன இருக்கிறது?

இது சலுகை கேட்கும் பேச்சல்ல. உரிமை கேட்கும் பேச்சு. அதே வேளையில், சிறியதாக இருந்தாலும் அந்தக் கதவு முழுவதும் மூடப்படவில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். யு.பி.யு. மதிப்பீட்டில் 90 விழுக்காடு தேர்வு முடிவுக்கு, 10 விழுக்காடு புறப்பாடத்திற்கு. 4.00 எடுத்தவர்களுக்கு இடையே நடக்கும் போட்டியில் அந்த 10 விழுக்காடும் நேர்முகத் தேர்வும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன. "படிப்பு கெட்டுவிடும்" என்று சொல்லி சாரணர் இயக்கத்திலிருந்தும் திடலிலிருந்தும் பிள்ளையை இழுத்து வருகிற பெற்றோர் இதை யோசிக்க வேண்டும். படிவம் 4இல் எடுக்க வேண்டிய முடிவு அது, எஸ்.டி.பி.எம். முடிவு வந்த பிறகு எடுப்பதற்கில்லை.

பொதுப் பல்கலைக்கழகத்திற்கு ஏன் இவ்வளவு போராட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: அங்கே அரசாங்க உதவியோடு படிக்கும் மாணவர் கட்டுவது தனியார் கட்டணத்தில் ஒரு சிறு பங்குதான். அந்த வித்தியாசத்தில் ஒரு வீடே வாங்கலாம்!

வண்ணக் கையேடு சொல்லாத கேள்விகள்

சரி, பொதுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. அடுத்து என்ன? நாட்டில் தனியார் துறையில் ஏய்ம்ஸ்ட், ஐ.எம்.யு., மாசா, செகி, லிங்கன், மணிப்பால், பினாங்கு அனைத்துலகப் பல் மருத்துவக் கல்லூரி என்று பல இடங்கள் உண்டு. வெளிநாடு என்றால் இந்தியா, இந்தோனேசியா, எகிப்து, ரஷ்யா என்று பட்டியல் நீளும். எது நல்லது என்று பெயர் குறித்துச் சொல்வது இக்கட்டுரையின் வேலையல்ல. எதைக் கேட்க வேண்டும் என்று சொல்வதே வேலை.

முதல் கேள்வி அங்கீகாரம். 2018ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டப்படி, மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெறாமல் இந்நாட்டில் யாரும் பல் மருத்துவராகத் தொழில் செய்ய முடியாது. மன்றம் அங்கீகரித்த பட்டம் என்றால் பதிவுக்கு வழி நேரானது. அங்கீகரிக்காத பட்டம் என்றால் தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும். 'உலக அங்கீகாரம்', 'உலகத் தரவரிசை' என்று முகவர் எவ்வளவு அடுக்கினாலும் நமக்கு வேண்டியது மன்றத்தின் பட்டியல் ஒன்றுதான். அதையும் முகவர் காட்டும் நகலில் பார்க்காதீர்கள். மன்றத்திடமே நேரடியாகச் சரிபாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. எந்தப் பட்டத்திற்கு, எந்த ஆண்டு மாணவர் சேர்க்கைக்கு என்றும் பார்க்க வேண்டும். உள்ளூர்த் தனியார் கல்லூரியில் புதிய படிப்பு என்றால், அதற்கு இருப்பது தற்காலிகத் தகுதியா முழுமையான அங்கீகாரமா என்றும் கேளுங்கள்.

இது வீண் பயமல்ல. 2005இல், அப்போது உக்ரேய்னின் ஆளுகையில் இருந்த கிரிமியாவின் அரசு மருத்துவப் பல்கலைக்கழகத்திற்குத் தந்திருந்த அங்கீகாரத்தை மலேசிய மருத்துவ மன்றம் மீட்டுக்கொண்டது. அது பல் மருத்துவமல்ல, மருத்துவப் பட்டம். ஆனால் அங்கே பிள்ளைகளை அனுப்பியிருந்தவர்களில் நம்மவர்கள் கணிசமானோர். அன்று எத்தனை வீடுகளில் அடுப்பெரியவில்லை! முடிவு நியாயமா அநியாயமா என்று தலைவர்கள் வாதாடினார்கள். ஆனால் முதலில் அல்லல்பட்டது கடன் வாங்கி அனுப்பிய பெற்றோர்தான். அங்கீகாரம் என்பது கல்லில் எழுதியதல்ல. அது கொடுக்கப்படும், மீட்கவும்படும். நேற்று புதிதாகப் பட்டியலில் ஏறிய இடத்தைவிட, பல ஆண்டுகளாகப் பட்டியலில் இருந்து, அங்கே படித்தவர்கள் இந்நாட்டில் தொழில் செய்துகொண்டிருக்கும் இடம் பாதுகாப்பானது.

இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலும் யாருமே கேட்பதில்லை. நோயாளிகள் எத்தனை பேர்?

பல் மருத்துவம் கைத்தொழில் போன்றது. புத்தகத்தைப் படித்துத் தேர்வெழுதினால் மட்டும் கை பழகாது. முதல் இரண்டு ஆண்டுகள் பொம்மைத் தலையில் பொருத்திய செயற்கைப் பற்களில் பயிற்சி. மூன்றாம் ஆண்டு முதல் உண்மையான நோயாளிகள். பட்டம் பெறுவதற்குள் பல் பிடுங்குதல், பல் அடைத்தல், வேர் சிகிச்சை, பொய்ப்பல் பொருத்துதல் என ஒவ்வொன்றிலும் மாணவர் செய்து காட்ட வேண்டிய வேலைகள் உண்டு. நோயாளி வரவில்லையென்றால் வேலை முடியாது. வேலை முடியாவிட்டால் இறுதித் தேர்வுக்கு உட்கார முடியாது. பொய்ப்பல் வைக்க ஆள் கிடைக்காமல் சொந்தத் தாத்தா பாட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு கல்லூரிக்குப் போகும் மாணவர்கள் உண்டு. படிப்பு ஒரு பருவம் நீண்டால் கட்டணமும் வாடகையும் நம் தலையில்தான்.

ஆகவே கல்லூரியைப் பார்க்கப் போகும்போது குளிர்சாதன விரிவுரை மண்டபத்தையும் நீச்சல் குளத்தையும் பார்த்து மயங்காதீர்கள். சிகிச்சைக்கூடத்திற்குப் போங்கள். வேலை நாளில், காலை பத்து மணிக்குப் போங்கள். எத்தனை நாற்காலிகள் இருக்கின்றன? எத்தனை நாற்காலிகளில் நோயாளி உட்கார்ந்திருக்கிறார்? இரண்டு மாணவர்கள் ஒரு நாற்காலியைப் பகிர்ந்துகொள்கிறார்களா? மேற்பார்வை பார்க்கும் விரிவுரையாளர் ஒருவருக்கு எத்தனை மாணவர்கள்? நான்காம் ஆண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து, "உங்கள் வேலைகளை நேரத்தில் முடிக்க முடிகிறதா?" என்று கேளுங்கள். பதிலைவிட அவர் முகம் அதிகம் சொல்லும்.

மூன்றாவது கேள்வி பணம். தனியார் பல் மருத்துவப் படிப்பின் கட்டணம் இலட்சங்களில்தான் பேசப்படுகிறது. மூன்று இலட்சம் வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதை 5 விழுக்காட்டு வட்டியில் 20 ஆண்டுகளில் கட்டுவதென்றால் மாதம் ஏறத்தாழ 1,980 வெள்ளி. கட்டி முடிக்கும்போது மொத்தம் சுமார் 4 இலட்சத்து 75 ஆயிரம். புதிதாக வேலைக்குச் சேரும் பல் மருத்துவரின் சம்பளத்தில் பெரும் பங்கை இதுவே விழுங்கிவிடும். இதற்கு மேல் கருவிப் பெட்டி, செயற்கைப் பற்கள், தங்குமிடம், சாப்பாடு. பி.டி.பி.டி.என். கடன் கிடைத்தாலும் தனியார் பல் மருத்துவக் கட்டணம் முழுவதையும் அது தாங்காது. மீதிக்கு அப்பாவின் ஊழியர் சேமநிதி, அம்மாவின் நகை, தாமான் வீட்டின் பத்திரம். அதே வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் படிக்க வேண்டியிருக்கிறது என்பதை அந்த வேகத்தில் மறந்துவிடுகிறோம். பெரும்பாலும் அந்த இரண்டில் ஒன்று பெண் பிள்ளை. அவளுடைய ஆசை பேச்சில்லாமல் அடங்கிவிடுகிறது.

நான்காவது கேள்வி, படித்த பிறகு என்ன? அரசாங்கத்தில் நிரந்தர வேலை உறுதி என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. 2016 டிசம்பர் முதல் புதிய மருத்துவர்களையும் பல் மருத்துவர்களையும் மருந்தாளர்களையும் ஒப்பந்த முறையில் எடுக்கத் தொடங்கினார்கள். அதன் விளைவை 2021 ஜூலை 26 அன்று நாடே பார்த்தது. கறுப்புச் சட்டையோடு மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்து நின்றார்கள் ஒப்பந்த மருத்துவர்கள். "டாக்டர் ஆகிவிட்டால் கடன் தானாக அடைந்துவிடும்" என்று முகவர் சொல்வது பழைய காலத்துக் கணக்கு.

கடல் தாண்டிப் போவோருக்கு

இந்தியாவிற்குப் போவது நமக்குப் புதிதல்ல. அங்கே பி.டி.எஸ். என்பது நான்கு ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் சேர்ந்தது. தமிழ்நாட்டில் படித்தால் நோயாளியோடு தமிழிலேயே பேசலாம், நோயாளிகளும் நிறைய வருவார்கள் என்பது உண்மையிலேயே ஓர் அனுகூலம். ஆனால் வெளிநாட்டு மாணவரும் அங்கே 'நீட்' தேர்வைத் தாண்டியாக வேண்டும். "நீட் தேவையில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்பவரிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் உள்ளூர் மாணவர் கட்டுவதைவிடப் பல மடங்கு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தோனேசியாவில் படிப்பு இரண்டு கட்டம். முதல் கட்டம் முடிந்ததும் கிடைப்பது இளங்கலைப் பட்டம் மட்டுமே. நோயாளிகளைப் பார்க்கும் இரண்டாம் கட்டத்தையும் முடித்தால்தான் பல் மருத்துவர். கையேட்டில் போட்டிருக்கும் கட்டணம் எந்தக் கட்டம் வரைக்கும் என்று கேட்காமல் போன குடும்பங்கள் பாதியில் தவிக்கின்றன. எந்த நாடானாலும் சரி, மொழி தெரியாத ஊரில் நோயாளியிடம் "எங்கே வலிக்கிறது?" என்று கேட்க முடியாத மாணவர் எப்படிக் கற்றுக்கொள்வார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

அப்படியென்றால் நம் பிள்ளைகள் பல் மருத்துவமே படிக்க வேண்டாமா?

இப்படிச் சிலர் கேட்பார்கள். படிக்க வேண்டும்! அதிகமானோர் படிக்க வேண்டும். மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் அதிகம் தாக்குவது இந்தியர்களைத்தான். அதிலும் நம் பெண்களை. வெற்றிலை பாக்கோடு புகையிலை மெல்லும் பழக்கம் அதற்கு முக்கியக் காரணம். பல்வலி வந்தால் தோட்டத்து மருந்தகத்தில் 'டிரெஸர்' கொடுத்த மாத்திரையோடு காலம் தள்ளிய தலைமுறை அது. ஒரு பாட்டியின் கன்னத்தின் உள்ளே இருக்கும் வெள்ளைத் திட்டைப் பார்த்து, "பாட்டி, இதை இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் காட்டணும்" என்று அவருக்குப் புரியும் தமிழில் சொல்லக்கூடிய பல் மருத்துவர் நமக்குத் தேவை. இது பட்டத்திற்கு ஆசைப்படும் பேச்சல்ல, உயிர் காக்கும் தேவை. இந்தத் தேவைக்காகத்தான் பொதுப் பல்கலைக்கழக இடங்களைக் கேட்கிறோம். இந்தத் தேவைக்காகத்தான் கைப்பழக்கமில்லாமல் பட்டம் மட்டும் வாங்கிவருவது போதாது என்றும் சொல்கிறோம்.

கோபம் யார் மீது பாய வேண்டும்?

நம் இயக்கங்களும் கோயில்களும் மன்றங்களும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு பிள்ளையின் படத்தை நாளிதழில் போட்டுக் கண்ணீர் விடுவது போராட்டமல்ல. எத்தனை இந்திய மாணவர்கள் பல் மருத்துவத்திற்கு விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு நேர்முகத் தேர்வு கிடைத்தது, எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்ற விவரத்தைப் பல்கலைக்கழக வாரியாக ஆண்டுதோறும் வெளியிடும்படி உயர்கல்வி அமைச்சைக் கேட்க வேண்டும். நாடாளுமன்றத்தில் இருக்கும் நம் உறுப்பினர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் இதை எழுத்துப்பூர்வக் கேள்வியாகப் போட வேண்டும். எண்ணிக்கை கையில் இல்லாத சமுதாயம் ஆண்டுதோறும் அழுதுகொண்டேதான் இருக்கும்.

இன்னொன்று, பணம் செலவில்லாத வேலை. இந்நாட்டிலும் வெளிநாட்டிலும் பல் மருத்துவம் படித்து முடித்து இன்று தொழில் செய்யும் நம்மவர்கள் ஒவ்வொரு மாநிலத்திலும் இருக்கிறார்கள். எஸ்.பி.எம். முடிவு வரும் மாதத்தில் கோயில் மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை உட்கார வையுங்கள். நாற்காலி எத்தனை, நோயாளி எத்தனை, உண்மையில் எவ்வளவு செலவானது, திரும்பி வந்து எத்தனை மாதம் காத்திருந்தார்கள் என்று அவர்கள் வாயாலேயே பெற்றோர்களிடம் சொல்லட்டும். மாணவரைச் சேர்த்துவிட்டால் தரகுப் பணம் வாங்கும் முகவரிடம் கேட்டா நாம் உண்மையைத் தெரிந்துகொள்ளப் போகிறோம்?

பெற்றோர்களே, யு.பி.யு. பதில் வந்த வாரத்தில் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். முன்பணம் கட்டாதீர்கள். மேல்முறையீட்டை முதலில் அனுப்புங்கள். 'இன்றே கடைசி நாள்' என்று சொல்பவரிடம், "நாளை வருகிறோம்" என்று சொல்லுங்கள். நாளைக்கும் அந்த இடம் இருக்கும். பணம் கட்ட ஆள் இருக்கும் வரை இருக்கும்.

அரசாங்கம் மூடிய கதவைத் தட்டிக்கொண்டே இருப்போம், திறக்கும் வரை தட்டுவோம். அதுவரை நம் வீட்டுக் கதவைத் தட்டுகிறவன் யார், எதற்கு வருகிறான் என்று பார்த்துவிட்டுத் திறப்போம்.